வெள்ளைச் சோறும் வெள்ளை பிரெட்டும் எப்போது சரி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆரோக்கியமாகச் சாப்பிட வேண்டும் என்று முடிவெடுத்த அன்றே பலர் செய்கிற முதல் காரியம், வீட்டில் இருக்கும் வெள்ளை அரிசியையும் மைதாவையும் பிரெட்டையும் ஓரங்கட்டுவது. அடுத்த வேளையிலிருந்து எல்லாமே பழுப்பு, எல்லாமே முழுதானியம். ஒரு வாரத்தில் வயிறு உப்புகிறது, வாயு பிடிக்கிறது, வீட்டில் மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள், அப்புறம் மொத்தத் திட்டமும் கைவிடப்படுகிறது. இப்படி ஆக வேண்டிய அவசியமே இல்லை. முழுதானியம் நல்லது என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் கிடையாது. ஆனால் தீட்டிய தானியத்தை விஷம் மாதிரி பார்ப்பதும் தப்பு. எவ்வளவு, எதோடு, யாருக்கு, எந்த நேரத்தில் என்று கேட்டுப் பார்த்தால் தட்டில் அதற்கும் நியாயமான ஓர் இடம் இருக்கிறது. சில நேரங்களில் அதுதான் சரியான உணவாகவும் இருக்கும்.

சர்க்கரை நோய், சிறுநீரக நோய், குடல் நோய் என்று எதற்காவது வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், படித்தவுடனே எதையும் மாற்றிவிடாமல் உங்கள் மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

முதலில்: தீட்டும்போது என்ன போகிறது?

ஒரு கோதுமை மணியை எடுத்துக்கொள்வோம். வெளியே தவிடு. ஒரு முனையில் சின்னதாக முளைக்கரு. மிச்சமெல்லாம் மாவுப்பகுதி, மணியின் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் அதுதான். தவிட்டையும் முளைக்கருவையும் நீக்கிவிட்டு மாவுப்பகுதியை மட்டும் வைத்துக்கொள்வதைத்தான் தீட்டுவது, பாலிஷ் போடுவது என்கிறோம். எடையில் போவது கொஞ்சம்தான், ஆனால் போவதில்தான் சத்து செறிந்திருக்கிறது: நார்ச்சத்தின் பெரும்பகுதி, பி வகை வைட்டமின்கள், வைட்டமின் ஈ, மக்னீசியம், இரும்பு, துத்தநாகம். வேகவைத்த வெள்ளை அரிசிச் சோறு 100 கிராமில் நார்ச்சத்து அரை கிராம்கூட இருக்காது. அதே அளவு பழுப்பரிசிச் சோற்றில் ஏறக்குறைய ஒன்றரை கிராமுக்கு மேல் இருக்கும். கவனியுங்கள், பழுப்பரிசியும் ஒன்றும் நார்ச்சத்து மலை இல்லை, இதைப் பிறகு ஒரு கணக்கில் பார்ப்போம்.

இந்த இழப்பு எவ்வளவு பெரிய விஷயமாக முடியும் என்பதற்கு வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 1890களில் ஜாவா தீவில் வேலை பார்த்த டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான், தீட்டிய அரிசியை மட்டுமே தின்ற கோழிகளுக்குக் கால் துவண்டு போவதையும் தீட்டாத அரிசி கொடுத்ததும் அவை தேறுவதையும் கவனித்தார். மனிதர்களுக்கு வந்த பெரிபெரி நோயும் இதே வகைதான், காரணம் தயமின் என்னும் பி1 வைட்டமின் இல்லாமை என்று பின்னால் தெளிவானது. 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, தீட்டிய தானியம் மட்டுமே தட்டில் இருந்து மற்றவை இல்லாமல் போனதுதான் அந்த நோயை வரவழைத்தது என்பது. பருப்பும் காய்கறியும் முட்டையும் மீனும் பக்கத்தில் இருக்கிற தட்டுக்கு அந்தக் கதை அப்படியே பொருந்தாது.

இன்னொரு பக்கமும் உண்டு. போன சத்தில் கொஞ்சத்தைத் திரும்பச் சேர்க்கும் வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. அமெரிக்காவில் 1940களின் தொடக்கத்திலிருந்து வெள்ளை மாவில் தயமின், ரைபோஃப்ளேவின், நியாசின், இரும்பு சேர்க்கிறார்கள். 1998 முதல் போலிக் அமிலமும் கட்டாயம். கருவின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகத் தொடங்குவது கருத்தரித்த முதல் நான்கு வாரத்துக்குள், அதாவது பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே தெரியாத காலத்தில். அந்த நேரத்தில் போலிக் அமிலம் குறைந்தால் நரம்புக்குழாய்க் குறைபாடு வரும் வாய்ப்பு கூடும். மாவில் சேர்க்கத் தொடங்கிய பிறகு அந்தக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. முழுதானிய மாவுகளில் பெரும்பாலும் இப்படிச் சேர்ப்பதில்லை. அதனால் குழந்தைக்குத் திட்டமிடுகிற பெண் எல்லாவற்றையும் முழுதானியமாக மாற்றுகிறார் என்றால், போலிக் அமில மாத்திரை (வழக்கமாகச் சொல்லப்படும் அளவு ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம்) எடுத்துக்கொள்கிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது: சமையலறையில் இருப்பதை இரண்டாகப் பிரியுங்கள்

தீட்டிய தானியம் என்ற ஒரே பெயருக்குள் வெள்ளைச் சோறும் வருகிறது, கிரீம் கேக்கும் வருகிறது. குழப்பமெல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. சோறு, சாதா பிரெட், பாஸ்தா, ரவை, சாதா நூடுல்ஸ் இவை ஒரு பக்கம். பிஸ்கட், கேக், இனிப்பு பன், சர்க்கரை பூசிய காலை உணவுத் தானியங்கள், எண்ணெயில் பொரித்த மாவுப் பண்டங்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது பக்கத்தில் இருப்பவற்றில் மாவு ஒரு சாக்குதான். சர்க்கரையும் கொழுப்பும் உப்பும்தான் உள்ளே முக்கியச் சரக்கு. உலக சுகாதார நிறுவனம், சேர்க்கப்படும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும், முடிந்தால் 5 சதவீதத்துக்குக் கீழே போகட்டும் என்கிறது. இந்தப் பண்டங்களை வைத்துக்கொண்டு அந்தக் கோட்டுக்குள் நிற்பது மிகவும் கஷ்டம்.

ஆய்வுகளைப் படிக்கும்போதும் இந்தப் பிரிவினை உதவும். 2021இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் 21 நாடுகளைச் சேர்ந்த 1,37,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு கட்டுரை வந்தது. தீட்டிய தானியம் நாளுக்கு 350 கிராமுக்கு மேல் சாப்பிட்டவர்களிடம், 50 கிராமுக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட இறப்பு அபாயம் 27 சதவீதமும் பெரிய இதயநோய்களின் அபாயம் 33 சதவீதமும் கூடுதலாகத் தெரிந்தது. இது சின்ன எண் இல்லை, இதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத எனக்கு மனம் வராது. அதே சமயம் அங்கே தீட்டிய தானியம் என்று எண்ணப்பட்டது பெரும்பாலும் மைதாவில் செய்தவை, பேக்கரிப் பண்டங்களும் அதில் அடக்கம். வெள்ளை அரிசியைத் தனியாக எடுத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. பிறகு 350 கிராம் என்பது மிகப் பெரிய அளவு. இது மக்களைக் கவனித்துச் செய்த ஆய்வு, இன்னதால் இன்னது வந்தது என்று நிரூபிப்பதும் இல்லை. அதனால் ‘கொஞ்சம் சாப்பிட்டாலும் ஆபத்து’ என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ‘நாள் முழுக்க அதையே சாப்பிடாதே’ என்று தாராளமாகச் சொல்லலாம்.

சரி, பிரித்தாகிவிட்டது. இரண்டாவது பக்கத்தை எப்போதாவது ஆசைக்கு என்று வையுங்கள். இனிமேல் நான் பேசப்போவது முதல் பக்கத்தைப் பற்றி மட்டும்.

மூன்றாவது: அளவு

அமெரிக்க அரசின் 2020–2025 உணவு வழிகாட்டுதல் 2,000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு நாளொன்றுக்கு ஆறு பங்கு தானியம் சொன்னது, அதில் பாதியாவது முழுதானியமாக இருக்க வேண்டும் என்றது. அப்படியென்றால் மூன்று பங்குவரை தீட்டியதாக இருக்கலாம். தொடங்குபவர்களுக்கு இதைவிட எளிய கணக்கு எனக்குத் தெரியவில்லை.

ஒரு பங்கு என்றால் எவ்வளவு? ஒரு துண்டு பிரெட், அல்லது அரைக் கப் வெந்த சோறு, அல்லது அரைக் கப் வெந்த பாஸ்தா. படிக்கும்போது பரவாயில்லை போலத் தெரியும். ஒருமுறை நீங்கள் வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் சோற்றைத் தட்டில் வைப்பதற்கு முன் அளக்கும் கப்பில் போட்டுப் பாருங்கள். பலருக்கும் அது ஒன்றரை, இரண்டு கப் வரும். இரண்டு கப் என்றால் நான்கு பங்கு, ஒரே வேளையில் அன்றைக்கான தீட்டிய தானியத்தின் மூன்று பங்கைத் தாண்டியாயிற்று. தினமும் அளந்து சாப்பிடச் சொல்லவில்லை, ஒரு முறை கண்ணுக்கு அந்த அளவு பழகிவிட்டால் அப்புறம் கரண்டியே கணக்குச் சொல்லும். உடலுழைப்பு அதிகம் உள்ளவர்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் மொத்தத் தேவையே கூடுதல். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு ஆறு பங்கே தேவைப்படாமல் போகலாம்.

பாதிப் பாதி என்பதை ஒவ்வொரு வேளையிலும் கடைப்பிடிக்க வேண்டியதில்லை. காலையில் ஓட்ஸ், மதியம் வெள்ளைச் சோறு, இரவு முழுக்கோதுமை ரொட்டி என்றால் நாள் சரியாகத்தான் போயிருக்கிறது.

நான்காவது: எதோடு சாப்பிடுகிறீர்கள்?

என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் இதுதான் அதிகம் பயன்படப் போகிற பகுதி. அரிசியை மாற்றாமலேயே தட்டை மாற்றலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2023 பரிந்துரைப்படி 10 வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும். வெள்ளை அரிசியைப் பழுப்பரிசியாக மாற்றினால் 200 கிராம் சோற்றுக்குக் கூடுதலாகக் கிடைப்பது இரண்டரை கிராம்போல. ஆனால் அதே சோற்றுக்குப் பக்கத்தில் அரைக் கப் வெந்த பருப்பு வைத்தால் ஏழெட்டு கிராம் வந்துவிடும். இப்படி ஒரு நாளைப் போட்டுப் பாருங்கள்: காலையில் 40 கிராம் ஓட்ஸ், 4 கிராம். மதியம் வெள்ளைச் சோற்றோடு அரைக் கப் பருப்போ கொண்டைக்கடலையோ, 7 கிராம். மதியமும் இரவுமாகச் சேர்த்து 300 கிராம் காய்கறி, 8 அல்லது 9 கிராம். தோலோடு ஒரு ஆப்பிள், 4 கிராம். ஒரு கைப்பிடி பாதாம், 3 கிராம். 25ஐத் தாண்டியாகிவிட்டது, மதியம் வெள்ளைச் சோறும் சாப்பிட்டாகிவிட்டது. மாறாக, பழுப்பரிசிக்கு மாறிவிட்டோம் என்ற நிம்மதியில் காய்கறியைக் குறைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் நஷ்டம்தான்.

ரத்தச் சர்க்கரை விஷயத்திலும் துணை உணவுதான் பெரிய வேலை செய்கிறது. உணவு எவ்வளவு வேகமாகச் சர்க்கரையை ஏற்றுகிறது என்று அளக்கும் கிளைசெமிக் குறியீட்டில் குளுக்கோஸுக்கு 100. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த அட்டவணையில் வெள்ளை பிரெட்டின் சராசரி 75, முழுக்கோதுமை பிரெட் 74. வெள்ளைச் சோறு 73, பழுப்பரிசி 68. வெள்ளை மாவு ஸ்பகெட்டி 49, முழுக்கோதுமை ஸ்பகெட்டி 48. முதல்முறை பார்ப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். தானியத்தை மாவாக நைஸாக அரைத்துவிட்டால் தவிடு கூடவே இருந்தாலும் செரிமானம் வேகமாகத்தான் நடக்கிறது. பாஸ்தாவில் மாவு நெருக்கமாக இறுகி இருப்பதால் தீட்டியதாக இருந்தும் மெதுவாக உடைகிறது, அதைக் குழைய விடாமல் கொஞ்சம் கடிபடுகிற பதத்தில் இறக்கினால் இன்னும் நல்லது. அரிசியில் வகைக்கு வகை பெரிய வித்தியாசம் உண்டு, அமைலோஸ் (மெதுவாகச் செரிக்கும் ஒரு வகை மாவுச்சத்து) அதிகமுள்ள, உதிரி உதிரியாக வேகும் ரகங்கள் பொதுவாகக் குழைந்து ஒட்டும் ரகங்களைவிட மெதுவாகச் செரிக்கும். புழுங்கல் அரிசிக்கு இன்னொரு அனுகூலம்: நெல்லாக இருக்கும்போதே ஊறவைத்து அவிப்பதால் தவிட்டில் இருக்கும் பி வைட்டமின்களில் ஒரு பகுதி உள்ளே இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் தயமின் பச்சரிசியைவிட அதிகம் மிஞ்சும்.

சாப்பிடும் வரிசையும் ஒரு கருவி. காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறைகிறது என்பது இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் செய்த சிறு ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. செலவில்லாத வழி. முதலில் ஒரு கிண்ணம் காய்கறி, கூடவே பருப்பு, முட்டை, மீன், பனீர் என்று ஏதாவது ஒன்று, அதற்குப் பிறகு சோற்றைத் தொடுங்கள். பசி பாதி அடங்கிய பிறகு சோற்றுக்குப் போவதால் அளவும் தானாகவே குறையும்.

ஐந்தாவது: தீட்டியதே மேல் என்கிற நேரங்கள்

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘முழுதானியம்தான் எப்போதும் நல்லது’ என்று மனப்பாடம் செய்தவர்கள் உடம்பு சரியில்லாத நேரத்திலும் அதைப் பிடித்துக்கொண்டு அவதிப்படுகிறார்கள்.

கொலனோஸ்கோபி. பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை இது. குடல் சுத்தமாக இருந்தால்தான் சின்னச் சின்ன முளைகள் கண்ணில் படும். அதனால் ஒன்றிலிருந்து மூன்று நாள் முன்பே சக்கை குறைந்த உணவுக்கு மாறச் சொல்வார்கள்: வெள்ளைச் சோறு, வெள்ளை பிரெட், சாதா பாஸ்தா சரி, பழுப்பரிசி, முழுக்கோதுமை, கொட்டைகள், விதைகள் கூடாது. எத்தனை நாள், கடைசி நாள் என்ன என்பதற்கு மருத்துவமனை தரும் தாள்தான் முடிவு, அதில் உள்ளபடியே செய்யுங்கள். இந்த ஓரிரு நாளில் தவிடு ஒட்டிக்கொண்டிருந்தால் பரிசோதனையையே திரும்பச் செய்ய வேண்டி வரலாம்.

குடல் அழற்சி நோய்கள் தீவிரமாக இருக்கும்போது, முக்கியமாக க்ரோன் நோயில் குடல் சுருங்கிய இடம் இருந்தால், நார்ச்சத்து அதிகமான உணவு அங்கே அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிற்று அறுவை சிகிச்சை முடிந்து குடல் மறுபடி வேலைக்குத் திரும்பும் நாட்களிலும் அப்படியே. இவர்களுக்கு வெள்ளைச் சோறு சில வாரத்துக்கு மருந்து மாதிரி. நோய் அடங்கிய பிறகும் பயத்தில் அதிலேயே தங்கிவிட வேண்டாம், எப்போது நார்ச்சத்தைத் திரும்பச் சேர்ப்பது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் சோறும் டோஸ்டும் வயிற்றுக்கு இதம், வாந்தி உணர்வுள்ளபோதும் இறங்கும். முக்கியம் நீர், அதாவது ஓஆர்எஸ் கரைசல். குழந்தைகளுக்கு நாள் கணக்கில் வெறும் சோறும் வாழைப்பழமும் மட்டும் கொடுப்பதை இப்போது மருத்துவர்கள் விரும்புவதில்லை, பசி வந்ததும் வழக்கமான உணவுக்குத் திரும்பச் சொல்கிறார்கள்.

ஓட்டம், சைக்கிள், நீண்ட நேர விளையாட்டு. போட்டி தொடங்க ஒன்றிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு முன் உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 4 கிராம்வரை மாவுச்சத்து என்பது விளையாட்டு ஊட்டச்சத்துத் துறையின் பொதுப் பரிந்துரை, நேரம் நெருங்க நெருங்க அளவு குறைய வேண்டும். 60 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரத்துக்கு முன் சாப்பிட்டால் 60 கிராம் மாவுச்சத்து, அது 210 கிராம்போல வெள்ளைச் சோற்றில் கிடைத்துவிடும். அந்த நேரத்தில் நார்ச்சத்து வயிற்றில் தங்கினால் ஓடும்போது பிடிப்பு, வயிற்றுக் கலக்கம். எனவே அன்றைக்கு வெள்ளை பிரெட்டும் ஜாமும் சாப்பிடுகிற வீரரைப் பார்த்து யாரும் புத்தி சொல்ல வேண்டியதில்லை. கடும் பயிற்சிக்குப் பிறகு அடுத்த பயிற்சி சில மணி நேரத்திலேயே இருந்தால், தசையில் தீர்ந்த கிளைகோஜனை (உடல் சேமித்து வைக்கும் சர்க்கரையை) சீக்கிரம் நிரப்பவும் இதுவே வசதி. ஆனால் அரை மணி நேர நடைப்பயிற்சிக்கு இந்தச் சலுகை கிடையாது.

சின்னக் குழந்தைகள். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களின் வயிறு சிறியது. எல்லாமே முழுதானியமாகக் கொடுத்தால் வேண்டிய கலோரி உள்ளே போவதற்கு முன்பே வயிறு நிறைந்துவிடும். கலந்து கொடுங்கள். 2 முதல் 5 வயதுவரை 15 கிராம் நார்ச்சத்தே போதுமானது. பசி குறைந்து எடை இறங்கிக்கொண்டிருக்கும் முதியவர்களுக்கும், மெல்ல முடியாதவர்களுக்கும், புற்றுநோய் சிகிச்சையில் வாய்ப்புண் வந்தவர்களுக்கும் இதே நியாயம்தான். அவர்கள் சாப்பிடுவதே பெரிது, மென்மையான சோறு இறங்கினால் அதில் முட்டையோ பருப்போ நெய்யோ சேர்த்துக் கொடுங்கள்.

எரிச்சல் குடல் உள்ளவர்கள் பலருக்குக் கோதுமையில் இருக்கும் ஃப்ரக்டான்கள் என்னும் ஒரு வகை மாவுச்சத்து வாயுவையும் வலியையும் கிளப்பும். வெள்ளை அரிசி அவர்களுக்குப் பெரும்பாலும் ஒத்துப்போகும். சீலியாக் நோய் வேறு சங்கதி, அங்கே பிரச்சினை கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதம், மைதாவும் கூடாது, முழுக்கோதுமையும் கூடாது, அரிசி எந்த நிறமானாலும் சரி. சிறுநீரக நோயில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் குறைவு என்பதற்காக வெள்ளை அரிசியும் வெள்ளை பிரெட்டும் நீண்ட காலமாகச் சொல்லப்பட்டு வந்தவை. தானியத் தவிட்டில் உள்ள பாஸ்பரஸ் ஃபைட்டேட் வடிவில் இருப்பதால் உடல் அதை முழுதாக உறிஞ்சுவதில்லை என்று தெரிந்த பிறகு இப்போது சிலருக்கு முழுதானியத்தையும் அனுமதிக்கிறார்கள். உங்கள் ரத்தப் பரிசோதனை எண்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

அரிசியைப் பற்றி மட்டும் இன்னொன்று. மண்ணிலும் நீரிலும் இருக்கும் ஆர்சனிக்கை நெற்பயிர் நன்றாக இழுத்துக்கொள்ளும், அது தவிட்டில்தான் அதிகம் சேரும். சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், கனிம ஆர்சனிக்குக்குத் தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், தீட்டாத அரிசியில் 0.35 மில்லிகிராம் என்று தனித்தனி உச்சவரம்பு வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். இதற்காகப் பழுப்பரிசியை ஒதுக்க வேண்டாம். மூன்று வேளையும் அரிசியே சாப்பிடுபவர்கள் முழுதானியப் பங்கை அரிசியிலிருந்தே எடுக்காமல் ஓட்ஸ், கோதுமை, பார்லி, சிறுதானியம் என்று மாற்றி மாற்றி எடுங்கள்.

ஆறாவது: யார் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்?

நீரிழிவு உள்ளவர்கள், வரும் கட்டத்தில் இருப்பவர்கள், கர்ப்ப கால நீரிழிவு உள்ளவர்கள். முன்னே சொன்ன அதே 21 நாட்டு ஆய்விலிருந்து 2020இல் வந்த இன்னொரு கட்டுரையில், தினமும் 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட நீரிழிவு வரும் அபாயம் 20 சதவீதம் கூடுதலாக இருந்தது. இதய விஷயத்தில் வெள்ளை அரிசி தப்பித்தாலும் இங்கே தப்பவில்லை. உங்களிடம் சர்க்கரை அளக்கும் கருவி இருந்தால் யாரோ சொன்ன அட்டவணையைவிட அதை நம்புங்கள்: சாப்பிடுவதற்கு முன் ஒருமுறை, சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை. ஒரு கப் சோற்றுக்கு என்ன, அரைக் கப் சோறும் கூடுதல் காய்கறியுமாக வைத்தால் என்ன என்று எழுதி வைத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாள்பட்ட மலச்சிக்கல் உள்ளவர்களும் தீட்டியதைக் குறைத்தால் பலன் சீக்கிரம் தெரியும்.

ஏழாவது: பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கத்தில் ‘மல்டிகிரெய்ன்’ என்று பெரிதாக இருக்கும், பழுப்பு நிறம் வேறு. பல தானியம் என்றால் முழுதானியம் என்று பொருளில்லை, நிறத்தைக் கேரமலும் கொடுக்கும். பின்பக்கத்தில் பொருள் பட்டியலின் முதல் பெயரைப் பாருங்கள், எடையில் அதிகமானதுதான் முதலில் வரும். பிறகு 100 கிராமுக்கான எண்களில் மாவுச்சத்து எவ்வளவு, நார்ச்சத்து எவ்வளவு என்று பாருங்கள். நார்ச்சத்தைப் பத்தால் பெருக்கினால் மாவுச்சத்தின் எண்ணைத் தொட வேண்டும். மாவுச்சத்து 42, நார்ச்சத்து 6.5 என்று இருந்தால் 65 வருகிறது, தேறிவிட்டது. மாவுச்சத்து 48, நார்ச்சத்து 2.6 என்றால் வெறும் 26, மேலே என்ன எழுதியிருந்தாலும் இது வெள்ளை பிரெட்தான். அதைத் தீட்டியதன் கணக்கில் எழுதிக்கொண்டு சாப்பிடுங்கள், அவ்வளவுதான்.

உப்பையும் விட்டுவிடாதீர்கள். 100 கிராம் பிரெட்டில் ஒரு கிராம் அளவுக்கு உப்பு இருப்பது சாதாரணம், முழுக்கோதுமை பிரெட்டும் விதிவிலக்கில்லை. நாள் முழுக்கவே 5 கிராமுக்குள் நிற்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் உப்பில்லாமல் வேகவைத்த வெள்ளைச் சோறு எந்த பிரெட்டையும் ஜெயித்துவிடும்.

எட்டாவது: சமைப்பதும் வைப்பதும்

இரண்டு அரிசியையும் கலந்து சமைக்க நினைப்பவர்கள் ஒன்றாகப் போட்டுவிட்டு ஒன்று குழைந்தது, ஒன்று வேகவில்லை என்று சலித்துக்கொள்வார்கள். பழுப்பரிசி வேக முக்கால் மணி நேரம்வரை ஆகும், வெள்ளை அரிசிக்கு இருபது நிமிடத்துக்குள் போதும். முன்கூட்டியே ஊறவைத்த பழுப்பரிசியை முதலில் பாதி வேகவிட்டு வெள்ளையைப் பிறகு சேருங்கள், அல்லது தனித்தனியாக வேகவைத்துத் தட்டில் கலந்துகொள்ளுங்கள். வைட்டமின் சேர்த்த அரிசி என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் நிறையத் தடவை கழுவ வேண்டாம், மேலே பூசிய சத்தாக இருந்தால் கழுவும் நீரோடு போய்விடும். கழுவாமல் சமைக்கச் சொல்லும் குறிப்பு இருந்தால் அதன்படி செய்யுங்கள்.

மீந்த சோற்றைக் குளிர வைத்தால் மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதி செரிக்காத வகையாக மாறுகிறது. பலன் சிறியது, அதை நம்பிக் கூடுதலாகச் சாப்பிட்டுவிடாதீர்கள். ஆனால் சோற்றை வெளியே மணிக்கணக்கில் விட்டால் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகி நச்சு உண்டாக்கும், மறுபடி சுட வைத்தாலும் அந்த நச்சு அழியாது. ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

முழுதானிய மாவில் முளைக்கருவின் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வரும். கொஞ்சமாக வாங்கி, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். கெட்ட எண்ணெய் வாடையோடு இருக்கும் முழுமாவைவிட நல்ல வெள்ளை மாவு மேல்.

கடைசியாக: மாற்றத்தை எப்படித் தொடங்குவது?

முதல் வாரம் ஒரே ஒரு வேளையை மட்டும் முழுதானியமாக்குங்கள், காலை உணவு எல்லோருக்கும் சுலபம். அடுத்தடுத்த வாரங்களில் நார்ச்சத்தை நாலைந்து கிராம் வீதம் ஏற்றுங்கள், அதோடு தண்ணீரும் கூட வேண்டும், இல்லாவிட்டால் மலச்சிக்கல் கூடிவிடும். முதலில் வரும் கொஞ்சம் வாயுவுக்குப் பயப்பட வேண்டாம், குடல் பழக இரண்டு மூன்று வாரம் எடுக்கும். அதிகமானால் ஒரு படி இறங்கி, அந்த வேளைக்கு வெள்ளைச் சோற்றை வைத்துக்கொண்டு பருப்பையும் காயையும் மட்டும் தொடருங்கள். வயிற்றுப்போக்கோ பரிசோதனையோ முடிந்து திரும்புபவர்களும் இதே படிகளில் ஏறலாம், முதலில் ஓட்ஸ், தோல் நீக்கிய பருப்பு, பிறகு பழுப்பரிசி, கடைசியில் முழுப்பயறுகளும் கொட்டைகளும். இவ்வளவுக்குப் பிறகும் வலி தொடர்ந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, காரணமில்லாமல் எடை இறங்கினாலோ, அரிசியை மாற்றி மாற்றிச் சோதித்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.